பொங்கலன்று எதிர்வீட்டில் எழுந்த குலவை

2024இல் பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பால் பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னேன். குலவையிடவில்லை. குடிவந்த முதல் ஆண்டு நான் இட்ட குலவையைக் கேட்டு, யாருக்கோ ஆபத்து என்று பதறிக் கீழ்வீட்டார் கதவைத் தட்டினார்கள். அன்றிலிருந்து அது தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அப்போது தெருவிலிருந்து ஒரு குரல் உச்சத்துக்கு ஏறியது. முளைப்பாரி இறக்கும்போது மேலூரில் எழுமே, அப்படி. கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அம்மா காரருகே நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை, எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. இளஞ்சிவப்பு உடை, பச்சைச் சால்வை, கழுத்தில் முத்துமாலை. காரிலிருந்து இறங்கிய மூவரும் அதே நிறங்களில். "ஸ்கீ-வீ!" என்று இவர் எழுப்ப, அவர்கள் திருப்பி எழுப்பினார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் சர்க்கரைப் பொங்கலோடு போய்க் கேட்டேன். ஜனவரி 15 அவர்கள் சங்கம் பிறந்த நாளாம். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா: 1908இல், அடிமைத்தளை அறுந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவியின் முனைப்பில் தொடங்கியது. கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கான முதல் சொராரிட்டி, அதாவது சகோதரிச் சங்கம். படிப்பு முடிந்தாலும் உறவு முடிவதில்லை. சாகும்வரை ஒருவருக்கொருவர் சகோதரி. அந்தக் குரலை உறுப்பினர் அல்லாதவர் எழுப்பக்கூடாது என்றும் சொன்னார். சம்பந்தி வீட்டு முறைமைகளைக் கேட்டுக்கொள்வதுபோல் தலையாட்டினேன்.

பக்கத்து பெர்க்லியின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர்களுடைய ரோ கிளை 1921இல் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஐடா லூயிஸ் ஜாக்சன். மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் 1902இல் பிறந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர். அவரும் ஊர் விட்டு வந்தவர்தான். அவர் சேர்ந்தபோது அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பதினேழு பேர். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் கொடுத்துப் பேசாத இடத்தில் மாலையில் போய் உட்கார அவர்களுக்கு ஒரு கூடம் வேண்டியிருந்தது.

ஆண்டு மலரில் மற்றச் சங்கங்களின் படங்களோடு தங்கள் படமும் வரவேண்டும் என்று ரோ கிளைப் பெண்கள் 45 டாலர் கட்டினார்கள். நல்ல உடை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். மலர் வந்தது, படம் இல்லை. ஐடா பல்கலைக்கழகத் தலைவரிடமே போய்க் கேட்டார். நீங்கள் மாணவர் சமுதாயத்தின் பிரதிநிதிகள் அல்லவே என்ற பொருளில் பதில் வந்தது. இதை முதுமையில் அவரே சொல்லிப் பதிவாகியிருக்கிறது.

அந்தப் படம் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் குழுப்படத்துக்குப் பணம் கட்ட அக்காவிடம் வழியில்லை. அழுதுகொண்டே ஓரமாக நின்றவளை டீச்சர் கையைப் பிடித்து இரண்டாம் வரிசையில் நிறுத்தினார். பணம் கட்டாதவருக்குப் பிரதி கிடைக்காது, அவ்வளவுதான். படத்தில் முகம் இருக்கும். இவர்கள் பணத்தையும் கட்டி முகத்தையும் இழந்தார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஐடா பிறகு ஓக்லாந்து அரசுப் பள்ளிகளின் முதல் கறுப்பின ஆசிரியை ஆனார்; சங்கத்தின் தேசியத் தலைவரும் ஆனார். அவர் முனைப்பில் 1935 முதல் கோடைதோறும் மருத்துவர் டாரதி ஃபெரபியின் தலைமையில் பெண்கள் மிசிசிப்பிக்குப் போனார்கள். குத்தகைத் தொழிலாளர்களைத் தோட்ட முதலாளிகள் வெளியே விடாததால், தடுப்பூசிகளைக் கார்களில் ஏற்றிப் பருத்திக்காட்டுக்கே கொண்டுபோனார்கள். இன்று பெர்க்லியில் ஒரு மாணவர் விடுதி ஐடாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. போய் அதன் வாசலில் நெடுநேரம் நின்றேன். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன் 1958இல் வந்து படித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். கறுப்பின மாணவர்களின் வாசிப்பு வட்டம் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றது. அவர் மகள், பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான கமலா ஹாரிஸ், 1986இல் ஹோவர்டில் இந்தச் சங்கத்திலேயே சேர்ந்தார். துளசேந்திரபுரத்துப் பேத்திக்கும் அந்த முத்துமாலை உண்டு.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. மாலையில் மெரிட் ஏரியைச் சுற்றி நடக்கிறேன்; வாத்துகள்கூட வழிவிடுகின்றன. பாதிச் சுற்றில் கரை வண்டியூர்த் தெப்பக்குளமாகிவிடுகிறது; கால்கள் மைய மண்டபத்தைத் தேடுகின்றன.

2025இல் பொங்கல் 14ஆம் தேதி. அவர்கள் விழாவுக்கு முந்தைய நாள் என்பதால் எதிர்வீட்டு அம்மா காலையிலேயே வந்துவிட்டார், கையில் ஒரு தட்டு மக்காச்சோள ரொட்டியோடு. கீழ்வீட்டாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தேன். பால் பொங்கியது. நான் குலவையிட்டேன். அவரும் முயன்றார், குரல் எட்டியது, நாக்கு புரளவில்லை. கைபேசித் திரையில் மேலூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நாக்கைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லடி" என்றாள். நான் மொழிபெயர்ப்பதற்குள் தானே செய்து காட்டத் தொடங்கிவிட்டாள்.