இருபத்து நாலு மாதத்தில் பதினைந்து

ஜூன் 4

வண்டிக்கு முன்பணம் கட்டியாயிற்று. டெலிவரி 15ஆம் தேதி. கையெழுத்தெல்லாம் போட்டு எழுந்திருக்கப் போனபோது ஷோரூம் பையன் திரையை என் பக்கம் திருப்பினான். "மேடம், எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்திடட்டுமா? மூணு வருஷம் அஞ்சு வருஷமாயிடும். லோன்லயே போட்டுட்டா மாசா மாசம் போறதே தெரியாது."

அந்தத் 'தெரியாது'தான் உறுத்தியது. நாலாவது வருஷம் தொடங்கப்போகிற காப்புக்கு இன்றிலிருந்தே வட்டி கட்டச் சொல்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இந்த ரேட் டெலிவரி வரைக்கும்தான் மேடம்" என்றான். நாலு டயரையும் மாற்றினால் ஆகிற செலவுதான், மலை இல்லை. ஆனாலும் இந்த அவசரம் எனக்கு ஆகாது.

ஜூன் 5

தம்பி ஃபோனில், "அதான் இன்சூரன்ஸ் இருக்கே அக்கா, இது வேற எதுக்கு?" என்கிறான். படித்த பிள்ளை! இடித்தால், திருடு போனால், வெள்ளம் புகுந்தால் இன்சூரன்ஸ். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் ஒரு பாகம் தன்னாலேயே படுத்துக்கொண்டால் வாரண்டி. தேய்ந்து போனால் இரண்டும் கிடையாது, நம் கைக்காசு. எலி வயரைக் கடித்தால் வாரண்டிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்றேன். "எலிக்கு என்ன வாரண்டி தெரியும்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஜூன் 7

வாரண்டி விதிமுறைகளை மின்னஞ்சலில் கேட்டு வாங்கினேன். 14 பக்கம், பொடி எழுத்து. என்னவெல்லாம் கிடைக்கும் என்பது ஒன்றரைப் பக்கம், மீதியெல்லாம் கிடைக்காதவை. பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், பேட்டரி, டயர் இதெல்லாம் இருக்காது என்று முன்பே தெரியும். ரப்பர் ஹோஸ், பெல்ட், சக்கரத்தைத் தாங்குகிற இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான சஸ்பென்ஷன் புஷ் எல்லாமும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. வண்டி பழசாகும்போது முதலில் சத்தம் போடுவதே அந்தப் புஷ்தானே!

எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரெஸர், ஸ்டியரிங் மோட்டார், கம்ப்யூட்டர், தொடுதிரை உண்டு. அதாவது அடிக்கடி போகிறவை நம் தலையில், எப்போதாவது போய் ஆளைச் சாய்க்கிறவை அவர்கள் தலையில். குறை சொல்லவில்லை. இப்படிப்பட்ட காப்பு அப்படித்தான் இருக்க முடியும்.

படுக்கப் போகும்போதுதான் ஒரு வரி மண்டையில் ஏறியது: '5 ஆண்டுகள் அல்லது 1,20,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை.' எழுந்து விளக்கைப் போட்டு இன்னொரு தடவை படித்தேன்.

ஜூன் 8

காலையில் முதல் வேலையாகப் பழைய வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் 1,96,000. வருஷத்துக்கு 28,000. வேலைக்காக ஊர் ஊராக ஓட்டுகிறவள் நான், இனிமேலும் குறையாது.

கணக்கு இதுதான். கம்பெனி வாரண்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். மூன்று வருஷத்தில் 84,000தான் வரும், அதனால் அதை முழுசாக அனுபவித்துவிடுவேன். அப்புறம் 1,20,000 தொட மிச்சம் 36,000. சுமாராகப் பதினைந்து மாதம். இருபத்து நாலு மாதத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பதினைந்து கொடுக்கிறார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை, விதியில் அப்படியே இருக்கிறது. பையனும் பொய் சொல்லவில்லை. 'அஞ்சு வருஷம்' என்பதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டான், அவ்வளவே.

வருஷம் பத்தாயிரம் ஓட்டுகிற என் ஆபீஸ் தோழிக்கு இதே தாளில் இருபத்து நாலு மாதமும் முழுசாகக் கிடைக்கும். ஆனால் அவள் வண்டி அதற்குள் 50,000தான் ஓடியிருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸுக்கு அது இளவயசு. ஓட்டத்தால் வருகிற பழுது அவளுக்கு வரும் வாய்ப்பு குறைவு. ஓடாமல் நின்றாலும் கெடக்கூடிய திரை, சென்சார் மாதிரி எலக்ட்ரானிக்ஸுக்குத்தான் அவளுக்குப் பயன்.

ஜூன் 10

மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஏழு வருஷமாகப் பழைய வண்டியைப் பார்ப்பவர். புதுசு இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றதும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "மேனுவல்னா வேணாம்னு சொல்லிருப்பேம்மா. இது வேற" என்றார்.

உள்ளே இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. அவற்றை இயக்குகிற வால்வு, சென்சார், சர்க்யூட் போர்டு எல்லாம் ஒரே பெட்டி, மெகட்ரானிக்ஸ் என்கிறார்கள். "அதைப் பிரிச்சுப் பாக்கற ஆள் கிடைக்கறது கஷ்டம். போச்சுன்னா பெட்டியோட மாத்துன்னுதான் சொல்லுவாங்க. அந்தக் காசுல இந்த மாதிரி வாரண்டி நாலஞ்சு வாங்கிடலாம்."

அங்கிருந்தே ஃபோனில் விதிமுறையைத் தேடினேன். மெகட்ரானிக்ஸ் உண்டு. கிளட்ச் தட்டுகள் இல்லை, தேய்மானம். நான் பயப்படுவதில் பாதிதான் காப்புக்குள் வருகிறது. அண்ணன் எட்டிப் பார்த்து, "பாத்தியா, சாமர்த்தியம்" என்றார்.

ஜூன் 12

இன்று எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காப்பு செல்ல வேண்டுமானால் ஒவ்வொரு சர்வீஸும் குறித்த தேதிக்குள், குறித்த கிலோமீட்டருக்குள், அவர்கள் பட்டறையிலேயே நடந்திருக்க வேண்டுமாம். சரி, நான் எப்படி என்று பழைய சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினேன். கிரீஸ் விரல் ரேகை பதிந்த பக்கங்கள். மூன்றாவது சர்வீஸ் 2,300 கிலோமீட்டர் தாமதம். ஐந்தாவது, நாலு மாதம் தாமதம். ஆறாவதுக்கு முத்திரையே இல்லை, அண்ணனிடம் விட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவள் வாரண்டி வாங்கினால் அது அவர்களுக்கு நன்கொடை.

ஜூன் 14

பையனுக்கு ஃபோன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன். "12ஆம் பக்கத்துல, முதல் வருஷம் முடியறதுக்குள்ள எப்ப வாங்கினாலும் ஒரே ரேட்டுன்னு போட்டிருக்கே? அப்புறம்தானே ஏறுது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஆமா மேடம். ஆனா மறந்துடுவீங்கன்னுதான்..."

மறக்கக்கூடியவள்தான், நியாயம். ஃபோனில் பதினோராம் மாதத்துக்கு நினைவூட்டல் போட்டுவிட்டேன். அதற்குள் எவ்வளவு ஓட்டுகிறேன், கியர் மாறும்போது உதறுகிறதா, முதல் சர்வீஸை நாள் தவறாமல் விட்டேனா என்பதெல்லாம் தெரிந்திருக்கும். லோனில் சேர்க்க வேண்டாம் என்று எழுத்திலும் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 15

வண்டி வந்தது. மீட்டரில் 31 கிலோமீட்டர். சாவி கொடுக்கும்போது பையன், "முன்னாடி எல்இடி ஃபாக் லைட்டும் டபுள் ஹார்னும் போட்டுத் தரட்டுமா மேடம்? வெளிக்கடை ஆளு, அரை மணி நேரம்" என்றான்.

"வயரை வெட்டுவாரா?"

"லேசா ஒரு இடத்துல..."

வாரண்டி விதிமுறையின் 9ஆம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்: வயரை வெட்டினால் காப்பு கிடையாது.