ஷோஸ்தகோவிச் கேட்கும் நாட்கள்

ஆகஸ்ட் 4

1936 ஜனவரி 26. மாஸ்கோவில் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஓப்பராவை, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தை, பார்க்க ஸ்டாலின் வருகிறார். முடியும் முன்பே எழுந்து போய்விடுகிறார். இரண்டே நாளில் கட்சி நாளிதழான பிராவ்தாவில் பெயர் போடாத தலையங்கம்: இது இசையே அல்ல, வெறும் குழப்பம். அதுவரை இரண்டு வருடம் மக்கள் விரும்பிப் பார்த்த ஓப்பரா. ஷோஸ்தகோவிச்சுக்கு அப்போது வயது 29. அந்த வருடக் கடைசியில், ஒத்திகை நடந்துகொண்டிருந்த நான்காவது சிம்பொனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதை உலகம் கேட்டது 1961இல்!

ஆகஸ்ட் 5

ஐந்தாவது சிம்பொனி, மூன்றாம் பகுதி. 1937 நவம்பரில் லெனின்கிராட் அரங்கில் இதைக் கேட்டு அழுதார்கள். ஸ்டாலின் ஆட்சியின் கைதுகள் உச்சத்தில் இருந்த வருடம் அது. ஷோஸ்தகோவிச்சின் அக்காள் கணவரையும் மாமியாரையும்கூடப் பிடித்துப் போயிருந்தார்கள். வீட்டில் வாய்விட்டு அழவும் பயந்தவர்களுக்கு இங்கே அழ இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 9

1942இல் இதே தேதியில்தான் ஜெர்மன் படைகளின் முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராடில் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பலருக்கு ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி; அதிலும் மாவல்லாத கலப்புகள் சேர்ந்திருந்தன. நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். வானொலி ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் ஒத்திகைக்கு வர முடிந்தவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஊதுகருவிக்காரர்களுக்கு ஊத மூச்சில்லை. படைப்பிரிவுகளில் வாசிக்கத் தெரிந்த சிப்பாய்களைத் தேடி அழைத்து வந்தார்கள். கச்சேரி நேரத்தில் குண்டு விழக்கூடாது என்று சோவியத் தளபதி கோவரோவின் பீரங்கிகள் ஜெர்மன் நிலைகளை முன்கூட்டியே தாக்கின. ஒலிபெருக்கிகளில் ஊர் முழுக்கக் கேட்டது.

முதல் பகுதியில் சின்ன டிரம்மின் மேல் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து பூதாகரமாக வளர்கிறதே, அது ஹிட்லரா ஸ்டாலினா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அன்று டிராம்போன் ஊதியவருக்குப் பகைவன் ஊர் எல்லையில் நின்றான். எழுதியவர் 1936ஐயும் மறந்திருக்க மாட்டார். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்; ஒன்றை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 11

ஏழாவது சிம்பொனிக்கு 1942இல் ஸ்டாலின் பரிசு. 1948 பிப்ரவரியில் அதே ஆட்சி அவரையும் இன்னொரு இசையமைப்பாளர் புரோகோபியேவையும் பெயர் சொல்லிக் கண்டித்தது; ஆசிரியர் வேலையும் போயிற்று. அந்த நாட்களில் எழுதி முடித்த முதல் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வெளியே எடுக்காமல் வைத்திருந்தார். வயலின் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக் அதை மேடையேற்றியது 1955 அக்டோபரில், ஸ்டாலின் இறந்து இரண்டரை வருடம் கழித்து. மூன்றாம் பகுதி முடிந்ததும் வயலின் மட்டும் தனியே நெடுநேரம் வாசிக்கும். நாளைக்கு அதிலிருந்து தொடங்குகிறேன்.