எலும்பே இல்லாத முதுகெலும்பிகள்

பாம்புக்கு முதுகெலும்பு கிடையாது என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இப்படி நெளிகிறதே, உள்ளே எலும்பு இருந்தால் எப்படி முடியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் நிறைய எலும்பு இருப்பதால்தான் அது நெளிகிறது. பல பாம்புகளுக்கு முதுகெலும்பின் கணுக்களான முள்ளெலும்புகள் 200க்கும் மேல் உண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் திரும்பும், எல்லாம் சேர்ந்தால் உடம்பே சுருண்டுவிடும்.

சரி, எலும்பு இருந்தால் முதுகெலும்பி என்று முடித்துவிடலாமா? சுறா வந்து கெடுத்துவிடும். சுறா, திருக்கை உடம்பில் இருப்பது முழுக்கக் குருத்தெலும்பு, ஆனாலும் இரண்டும் முதுகெலும்பிகள்தான். எதனால் ஆனது என்பதைவிட எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு மீனின் நடுமுள்ளில் ஒரே ஒரு கணுவைப் பிரித்துப் பாருங்கள். சின்ன உருளை, அதன் மேல் ஒரு வளைவு. அந்த வளைவுக்குள்தான் தண்டுவடம் ஓடுகிறது. உருளையின் இரண்டு முனையும் குழிந்திருக்கும், குழியில் இருக்கும் வழவழப்பான பொருள், முதுகுநாண் என்கிற வளையக்கூடிய தண்டின் மிச்சம். கருவில் முதலில் தோன்றுவது இந்த நாண், அதைச் சுற்றித்தான் அப்புறம் முள்ளெலும்புகள் உருவாகின்றன. நமக்கும் இதே கதைதான், டிஸ்க் பிதுங்கிவிட்டது என்கிறார்களே, பிதுங்குகிற அந்தக் கூழ் முதுகுநாணிலிருந்து வந்தது.

முதுகெலும்பே இல்லாத இறாலில் எல்லாமே தலைகீழ். முதுகில் கறுப்பாக ஓடும் கோட்டை நரம்பு என்று நினைத்து உருவுகிறோம், அது குடல். நிஜமான நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் கிடக்கிறது.

எல்லைக்கோட்டில் நிற்கிறவைதான் எனக்குப் பிடித்தவை. ஹாக்ஃபிஷ் என்று ஒரு கடல் பிராணி, விலாங்கு மாதிரி நீளமாக, தொட்டால் கொழகொழவென்று சளியைக் கக்கும். மண்டையோடு உண்டு, ஒழுங்கான முள்ளெலும்பு கிடையாது. அதனால் ரொம்ப காலம் பலர் அதை முதுகெலும்பிகளோடு சேர்க்கவில்லை. 2011ல் அதன் கருக்களை ஆராய்ந்தபோது வால் பகுதியில் முள்ளெலும்பு போன்ற துணுக்குகள் தெரிந்தன, மரபணு ஆய்வுகளும் அதை உள்ளேதான் சேர்க்கின்றன.

முதுகெலும்பிலி என்கிற பிரிவின் மேல்தான் எனக்குக் கோபம். இல்லாத ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். அந்த மூட்டைக்குள் ஆக்டோபஸும் நட்சத்திர மீனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் வம்சாவளியைப் பார்த்தால் நட்சத்திர மீனுக்கு ஆக்டோபஸைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம்.