சொகுசு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது

சொகுசு வீடு என்றதும் விளம்பரத்தில் இத்தாலியப் பளிங்கும் நீச்சல் குளமும்தான் முன்னால் வந்து நிற்கும், ஆனால் இவ்வளவு பணம் போட்டு வாங்குகிறவர்கள் உள்ளுக்குள் எதிர்பார்ப்பது அமைதியும் தனிமையும்தான். மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம் நம் படுக்கையறையில் கேட்டால் அப்புறம் அந்தப் பளிங்கு எதற்கு? ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறோம் என்பார்கள், சரி, ஆனால் சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை ஒழுங்காக உட்காராவிட்டால் காற்று நுழைகிற சின்ன இடைவெளி வழியாகவே சாலை இரைச்சலும் உள்ளே வந்துவிடும். கதவைத் தட்டிப் பாருங்கள். கதவுப் பலகைக்குள் வெற்றாக இருந்தால் தட்டுகிற சத்தமே சொல்லிவிடும், அப்படிப்பட்ட கதவு இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது.

கூரை உயரம் 10 அடியாவது வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான ஆசை, ஆனால் அதை ஃபால்ஸ் சீலிங், அதாவது கூரைக்குக் கீழே அடிக்கிற இரண்டாவது கூரை, போட்ட பிறகு அளக்க வேண்டும். இரண்டு குளியலறையிலும் ஒரே நேரத்தில் ஷவரைத் திறந்தாலும் தண்ணீரின் வேகம் குறையக் கூடாது, குழாய் கசிந்தால் சுவரை உடைக்காமல் பழுது பார்க்க வழி இருக்க வேண்டும். மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது, அதனால் கண்ணாடியின் கனம், குழாய் போகும் பாதையின் வரைபடம் இரண்டையும் முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.