ஜெனீவாவில் எழுதப்பட்ட ஆறு தலைப்புகள்

தொலைத்தொடர்புச் சீர்திருத்தம் பற்றிப் பேச்செடுத்தாலே, வெளிநாட்டு முதலீட்டுக்கு எத்தனை சதவீதம் அனுமதி என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஜெனீவாவில் உள்ள உலக வணிக அமைப்பில் 69 நாடுகள் பங்கேற்று 1997 பிப்ரவரி 15 அன்று முடிவான அடிப்படைத் தொலைத்தொடர்பு உடன்பாட்டைப் படித்த பிறகு, அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்நாட்டில் 49 சதவீதம் வரை அனுமதி இருந்தபோதே, இந்தியா அந்த உடன்பாட்டில் எழுதிக்கொடுத்தது 25 சதவீதம்தான். நடைமுறையில் தாராளம், பத்திரத்தில் சிக்கனம். பின்வாங்க இடம் வைத்துக்கொள்வதில் எந்த அரசும் சளைத்ததில்லை.

உண்மையான பிடி, அந்த உடன்பாட்டோடு பல நாடுகள் ஏற்றுக்கொண்ட 'ரெஃபரன்ஸ் பேப்பர்' என்னும் சில பக்க ஆவணத்தில் இருக்கிறது. போட்டிப் பாதுகாப்பு, இணைப்பு, அனைவருக்குமான சேவை, உரிம விதிகளின் வெளிப்படைத்தன்மை, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு, அலைக்கற்றை போன்ற அரிய வளங்களின் பங்கீடு என அதில் ஆறே தலைப்புகள். இவற்றுள் இணைப்பைத்தான், அதாவது ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை இன்னொன்றோடு சேர்ப்பதைத்தான், நான் உயிர்நாடி என்பேன். புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பேச விரும்பும் ஆட்களில் பெரும்பாலோர் பழைய நிறுவனத்தின் இணைப்பில்தான் இருப்பார்கள். அந்த அழைப்பை ஏற்றுச் சேர்ப்பிக்கப் பழைய நிறுவனம் இழுத்தடித்தாலோ நினைத்த விலை கேட்டாலோ, புதியவர் வாங்கிய உரிமம் வெறும் காகிதம்தான்.

இதன் பலத்தை மெக்சிகோ அனுபவித்து அறிந்தது. ஒரு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கான கட்டணத்தை, மெக்சிகோவிலிருந்து அந்த வெளிநாட்டுக்கு மிக அதிக அழைப்புகளை அனுப்பும் நிறுவனமே, அதாவது மெக்சிகோவின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸே, பேசி முடிக்க வேண்டும், மற்ற எல்லா மெக்சிகோ நிறுவனங்களும் அதையே வசூலிக்க வேண்டும் என்று மெக்சிகோவின் விதி கட்டளையிட்டது. உள்வரும் அழைப்புகளையும் வெளிச்செல்லும் அழைப்புகளின் விகிதப்படி நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன. அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தபோது, சொந்தச் சட்டமே கட்டாயப்படுத்தும் ஒரு செயலைப் போட்டிக்கு எதிரானது என்று எப்படிச் சொல்ல முடியும் என மெக்சிகோ வாதிட்டது. 2004இல் அறிக்கை தந்த நடுவர் குழு அதை ஏற்கவில்லை. கட்டணம் செலவை ஒட்டி அமையவில்லை என்றும், சட்டத்தின் பெயரால் நடந்தாலும் அது போட்டியைக் கெடுப்பதே என்றும் கூறியது. மெக்சிகோ மேல்முறையீடு செய்யாமல் விதிகளை மாற்ற ஒப்புக்கொண்டது. ஓர் ஒழுங்குமுறை விதியை வெளிநாட்டு அரசொன்று கேள்வி கேட்டு மாற்றவைக்க முடியும் என்பது அந்த வழக்கில்தான் துலக்கமாகத் தெரிந்தது.

ஆனால் அந்த வெற்றி எல்லை தாண்டி வரும் அழைப்புக்கு உரியது. மெக்சிகோவுக்குள்ளேயே பேசிக்கொள்பவருக்கு, உள்நாட்டுச் சந்தையின் ஆதிக்கத்தைக் குறிவைத்த அரசியல் சட்டத் திருத்தம் 2013இல்தான் வந்தது; அதைக் கொண்டுவந்தது உள்நாட்டு அரசியல், ஜெனீவா அல்ல.