13 வயது கால்பந்து அணிக்கு எத்தனை பேர் வேண்டும்?

டிரையல்ஸ் (தேர்வு ஆட்டங்கள்) முடிந்ததும் பல கோச்சுகள் தாளில் 4-3-3 என்று (பின்னால் நாலு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர்) வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயரை எழுதிவிட்டு மிச்சப் பேரை பெஞ்சில் போடுகிறார்கள். 13 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இது சரிப்படாது. இன்று பின்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பேக் அடுத்த வருடம் ஓரத்தில், விங்கில் ஓடலாம். முதலில் போட வேண்டியது நிமிடக் கணக்கு.

60 நிமிட ஆட்டம், களத்தில் 11 பேர் என்றால் மொத்தம் 660 நிமிடம். 16 பேர் இருந்தால் சராசரியாக ஆளுக்கு 41 நிமிடம். 22 பேர் என்றால் 30. அந்த 30ம் தாளோடு சரி. ஆட்டம் 1-1 என்று இழுக்கும்போது நல்லா ஆடுகிற ஏழெட்டுப் பேரை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வராது. கடைசி ஐந்து பையன்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அதனால் 16 பேர், காயம் காய்ச்சலுக்கு இன்னும் இரண்டு பேர். அதற்கு மேல் எடுப்பதெல்லாம் பெற்றோரிடம் "இல்லை" சொல்லத் தயங்கித்தான்.

வெளியே போனவன் திரும்ப இறங்கலாமா என்று போட்டி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் ஆட்டங்களில் ஆட்ட விதிகள் இதற்கு இடம் தருகின்றன. முடிவு போட்டி நடத்துபவர் கையில்.

தேர்வில் கண்ணை ஏமாற்றுவது உயரம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள்; நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடம். நெதர்லாந்தில் செய்து 2017ல் வெளியான ஒரு சோதனையில், பிறந்த தேதியைத் தாளில் கொடுத்தும் ஸ்கவுட்டுகள் (ஆட்டக்காரர்களைத் தேடி எடுப்பவர்கள்) மூத்த பையன்கள் பக்கமே சாய்ந்தார்கள். ஜெர்சி எண்ணை வயது வரிசையில் கொடுத்தபோதுதான் அந்தச் சாய்வு போனது. செலவே இல்லாத வழி இது: டிரையல்ஸில் மூத்தவனுக்கு 1ம் எண் பிப் (சட்டைக்கு மேல் மாட்டும் எண் துணி), இளையவனுக்குக் கடைசி எண்.

டிரையல்ஸை இப்படி நடத்துங்கள்: 30க்கு 20 மீட்டர் கட்டத்தில் நாலுக்கு நாலு, சின்ன கோல், கீப்பர் கிடையாது, ஐந்து ஐந்து நிமிடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆட்களைக் கலைத்துப் போடுங்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா, முதல் டச் பந்தைக் காலடியிலேயே நிறுத்துகிறதா, ஓட இடம் இருக்கிற பக்கம் தள்ளுகிறதா, பந்தை இழந்த அடுத்த ஐந்து விநாடி என்ன செய்கிறான் என்பதைக் குறியுங்கள். கோல் எண்ணிக்கையை எழுதவே வேண்டாம். வேகத்தை மட்டும் நம்பி, டிஃபென்ஸ் தலைக்கு மேல் லாங் பால் போட்டு ஜெயிக்கிற அணிகள் 12 வயதில் கோப்பை தூக்கும். 15 வயதில் மற்றவர்களும் அதே வேகத்துக்கு வந்துவிடுவார்கள்.

16 பேரில் இடக்கால் ஆட்டக்காரர்கள் மூன்று பேராவது வேண்டும். வலக்காலன் லெஃப்ட் பேக்கில் நின்றால், விங்கர் நெருக்கும்போது பந்தை உள்பக்கம் திருப்புவான். அங்கேதான் எதிரணி ஸ்ட்ரைக்கர் காத்திருப்பான். இடக்காலன் அதையே கோட்டோரமாக முன்னே தட்டிவிடுவான்.

கீப்பர் இரண்டு பேர். ஒருவன் கோலில் நிற்கும் பாதியில் மற்றவன் களத்தில் வேறு இடத்தில் ஆடட்டும். இப்போதெல்லாம் பின்னாலிருந்து பாஸ் கட்டி ஆடுவதால், காலால் ஆடத் தெரியாத கீப்பர் பதினொன்றில் ஒரு ஓட்டை.

மற்றவர்களுக்கு ஒரு அட்டவணை: இடப்பக்கம் பெயர், மேலே பொசிஷன். ஒவ்வொருவனுக்கும் மூன்று டிக்: முதன்மை இடம், பக்கத்து இடம், முற்றிலும் வேறான ஒன்று. லெஃப்ட் பேக்குக்கு லெஃப்ட் விங்கும் சென்டர் மிட்ஃபீல்டும் என்பதுபோல. எந்தப் பத்தியில் இரண்டு டிக்குக்குக் குறைவோ அங்கே ஆள் தேட வேண்டும். பெரும்பாலும் அது லெஃப்ட் பேக்காகவோ ஹோல்டிங் மிட்ஃபீல்டாகவோதான் (டிஃபென்ஸுக்குச் சற்று முன்னால் நிற்கும் இடம்) இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து எழுதுங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் பையன் மளமளவென்று வளர்கிறான் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் டச் கெடும், திரும்பும்போது தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலிக்கிறது என்பான். அவனுக்குக் குதிக்கும் பயிற்சியையும் ஸ்பிரிண்ட்டையும் குறையுங்கள், வலி நீடித்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். அணியை விட்டு மட்டும் நீக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் கழித்துவிடப்பட்டவன் அடுத்த வருடம் எதிரணியில் வந்து நிற்பான்.

ஆட்டத்தன்று மாற்றங்களை 15, 30, 45வது நிமிடம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று பேர் போதும். இரண்டு சென்டர் பேக்கையும் சேர்த்து எடுக்கவே கூடாது, டிஃபென்ஸ் வரிசை சேர்ந்து முன்னே ஏற யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்று ஒரு நோட்டில் ஏற்றுங்கள். நாலு ஆட்டம் கழித்துக் கூட்டிப் பார்த்து, பாதி நேரமும் ஆடாதவனை அடுத்த ஆட்டத்தில் முதல் பதினொன்றில் இறக்குங்கள், அது செமிஃபைனலாக இருந்தாலும்.