புறங்கையில் பூசிய எண்ணெய்

மலேசியாவின் பாகான் செராயில் ரயில் ஏறினால் பாரிட் புந்தார், நிபோங் தெபால், அப்புறம் புனித அன்னம்மாள் திருத்தலம் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம். திடமாக நடப்பவர்களுக்கு அதெல்லாம் ஒரு தூரமா? கால் வீங்கிய பங்குச் சாமியாரையோ சிறுநீரகம் கெட்ட உபதேசியாரையோ அன்னம்மாளிடம் கூட்டிவருகிறோம் என்று நேர்ந்துகொண்டவர்களுக்குத்தான் அது தூரம்.

பாகான் செராயில் ஃபே என்ற மிஷனரிச் சாமியார் தமிழரைக் குடிவைத்த சூசைப்பாளையம் தொடங்கிச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள்வரை, சாமியார் வராத நாளெல்லாம் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) செபமாலையும் சாவு வீட்டுச் செபமும் உபதேசியார் தலையில்தான். அப்படி உழைத்த உடம்பு ஒருநாள் உட்கார்ந்துவிடும்.

அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. அன்றைக்குத்தான் போகவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், நவநாளில் ஒரு நாளும் போதும். சிறுநீரகம் கெட்டவருக்கு டயாலிசிஸ் பெரும்பாலும் வாரம் 3 முறை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். அதை முடித்த கையோடு மாலைப் பவனிக்கு இழுத்துப்போனால் ரத்த அழுத்தம் இறங்கி நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார். மறுநாள் கூட்டிப்போங்கள். திருத்தலத்து ஊற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆசையாய் நீட்டும் உறவுக்காரரைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். அளந்து குடிப்பவருக்கு உதடு நனைந்தால் போதும், அன்னம்மாள் கோபிக்கமாட்டாள்.

இனிப்புநீர்க்காரர் (சர்க்கரை நோயாளி) வெறுங்காலோடு மலையேறுவதாக நேர்ந்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். உணர்ச்சி மரத்த பாதத்தில் தார் சூடு தெரியாது. கொப்புளம் வீடு வந்தபிறகுதான் தெரியும். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குமுன் 1 மணி நேர உபவாசம் முதியோருக்கும் நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் கிடையாது. இது தெரியாமல் இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு உட்காருகிறவர்கள் உண்டு. வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை மானியில் 4 mmol/L-க்குக் கீழே காட்டினால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள், கெட்டுவிடும்.

கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! சக்கரநாற்காலிப் பாதையை மறித்துக் கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள், மெழுகுவர்த்தியை முகத்தருகே நீட்டி விற்பவர்கள். அதைக்கூடத் தாங்கலாம். “விசுவாசம் இருந்தால் சாமியாருக்கு எப்படி நோய் வரும்?” என்று காதில் ஓதுகிறவர்களைத் தாங்கமுடியாது. பவுல் மூன்று முறை மன்றாடியும் அவர் உடலில் தைத்த முள் போகவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். அவர்களிடமும் போய் விசுவாசத்தை அளந்து பார்ப்பார்களோ?

நோயில் பூசுதல் என்ற திருவருட்சாதனத்தில் எண்ணெய் பூசினால் ஆள் போய்விடுவார் என்ற பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அது பழைய “கடைசிப் பூசுதல்” பேரால் வந்த வினை. 1972-இலேயே பாப்பரசர் ஆறாம் பவுல் சட்டத்தைத் திருத்திவிட்டார்: கடும் நோயில் விழும்போதே பெறலாம், தேறி மறுபடி விழுந்தாலோ நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம். பூசுவது குருவானவர் மட்டுமே. எவ்வளவு நல்ல உபதேசியாரானாலும் செபிக்கலாம், பூசமுடியாது.

நெற்றியில் சிலுவை வரைந்து, பிறகு கைகளில். எல்லாரும் உள்ளங்கையை விரிப்பார்கள். நோயாளி குருவானவராயிருந்தால் கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டுவார், அது பழைய வழக்கம். அந்த உள்ளங்கையில் குருப்பட்டத்தன்றே பூசியாயிற்றே! எத்தனை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை, எத்தனை பேருக்கு இதே எண்ணெயைப் பூசிய கை, இப்போது நடுங்கிக்கொண்டு கவிழ்ந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அதற்குமேல் செபம் வார்த்தையாய் வராது. அன்னம்மா தாயே, உனக்குக் கோடி நன்றி, இந்தக் கையை இன்னும் எங்களுக்கு விட்டுவைத்திருக்கிறாயே! சுகம் கேட்டு வந்த வாய் நன்றி சொல்லிக்கொண்டே நிற்கும், கடைசி ரயில் நேரம் மறந்துபோகும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி. நிற்கமுடியாத சாமியார் மக்கள் முன் உட்கார்ந்து பூசை வைக்க ஆயரின் அனுமதி வேண்டும். கடிதத்தை எழுதிப் போடுங்கள். பீடத்து உயரத்துக்குச் சரியான, கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றையும் பார்த்துவையுங்கள்.